தழும்பு வேறு, நோய் வேறு

(கிளைச் சங்கம் கூட்டிய சுகாதாரக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேசப்போவது சம்பளத்தைப் பற்றியதன்று, போனசைப் பற்றியதுமன்று. ஆனால் இதுவும் தொழிலாளியின் பிழைப்பைப் பற்றிய பேச்சுத்தான். காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடித்த ஒருவர், அதன் பிறகு எப்படி வாழ்கிறார் என்பதே நம் பொருள்.

காசநோய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். கிளினிக்கில் சுவரொட்டி இருக்கிறது, தாதியர் சொல்கிறார்கள், வானொலி சொல்கிறது. ஆனால் கடைசி மாத்திரையை விழுங்கிய மறுநாள் முதல் என்ன நடக்கும், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் குறையைச் சிறிதளவாவது தீர்க்கலாம் என்றே நம் கிளைச் சங்கம் இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருக்கிறது. டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாம் படித்தும் கேட்டும் அறிந்ததை, டாக்டரிடம் போவதற்கு உங்களைத் தயார் செய்யும் அளவுக்கு மட்டும் சொல்கிறோம்.

தோழர்களே! வழக்கமான காசநோய்க்கு இன்று கொடுக்கப்படும் மருந்து ஆறு மாதத்துக்கு உரியது. முதல் இரண்டு மாதங்களில் நான்கு மருந்துகள்: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால். அடுத்த நான்கு மாதங்களில் முதலில் சொன்ன இரண்டு மட்டும். ஒருவர் கண்முன்னே மாத்திரையை விழுங்க வேண்டும். அதற்காக வேலை நாளில் கிளினிக் வாசலில் நின்று, அன்றைய வெட்டு தவறிக் கூலி இழந்தவர்கள் நம்மிலே உண்டு. ஆறு மாதம் அப்படிக் கட்டுப்பாடாக இருந்து முடித்ததும், "உங்களுக்கு நோய் தீர்ந்தது" என்று டாக்டர் சொல்லுகிறார். வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, விடியற்காலைப் பனியில் மரத்தடியில் நிற்கும்போது ஓர் இருமல் வருகிறது. அந்த ஓர் இருமலிலே ஆறு மாத நிம்மதியும் போய்விடுகிறது. "திரும்பி வந்துவிட்டதோ?" என்ற கேள்வி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இந்தக் கேள்வியை எதிர்கொண்ட இரண்டு குடும்பங்களை நம் சங்கம் அறியும். பெயர் சொல்லப்போவதில்லை, சொல்வது முறையுமன்று.

ஒருவர் பால்வெட்டுத் தொழிலாளி. மருந்தை ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டு முடித்தவர். ஆனாலும் வாளியைத் தூக்கி மேடேறினால் மூச்சு வாங்கியது. காலையில் சளி வந்தது. அவர் பட்டணத்தில் ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொரு கிளினிக்குக்கு அலைந்தார். ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்து, "நெஞ்சில் நிழல் தெரிகிறது" என்று சொல்லிவிட்டார்கள். பழைய படம் எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. அவருக்கும் காட்ட வேண்டுமென்று தெரியவில்லை. மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. கடைசியில் முதலில் மருந்து கொடுத்த அரசாங்க கிளினிக்குக்கே அவரை அழைத்துப்போனோம். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நிழல் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. சளியை வளர்த்துப் பார்த்த சோதனையிலும் கிருமி இல்லை. அது நோயன்று; நோய் விட்டுப்போன தழும்பு.

இன்னொருவர் ஓர் அம்மா, வெளிக்காட்டு வேலை செய்பவர். மருந்து முடிந்து ஏழெட்டு மாதத்தில் அவருக்கும் இருமல் வந்தது. மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடுத்தும் துணி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிவு. "பழைய தழும்புதான், போகப்போகச் சரியாகிவிடும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வீட்டில் பெண்ணுக்கு நிச்சயம் பேசிக்கொண்டிருந்த சமயம். மறுபடியும் காசநோய் என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். அவர் கிளினிக்குக்குப் போகும்போது நோய் உண்மையிலேயே திரும்பியிருந்தது. வீட்டிலிருந்த சின்னப் பேரனையும் சோதித்து, அவனுக்கும் நோய் வராதபடி முன்காப்பு மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. இன்று அவர் மருந்து சாப்பிட்டு வருகிறார்; உடம்பு தேறிவருகிறது.

ஒருவர் தழும்பை நோயென்று எண்ணிக் கடனாளி ஆனார். மற்றவர் நோயைத் தழும்பென்று எண்ணிக் காலத்தை இழந்தார். இரண்டு பேரையும் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தழும்பு வேறு, நோய் வேறு என்று பிரித்தறியும் வழியை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; குறை அங்கேதான் இருக்கிறது.

பால்மரத்தை அறிந்த உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினமன்று. கத்தி ஆழமாக இறங்கி மரத்துக்குக் காயம் பட்டுவிட்டால் மண்டோர் திட்டுகிறார். ஏன்? மரம் செத்துப்போகும் என்பதாலா? இல்லை. காயம் ஆறிவிடும், புதுப்பட்டையும் வரும். ஆனால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி அங்கே கோடு போடும்போது கத்தி வழுக்கும். பால் ஒழுங்காக ஓடாது. மரத்துக்கு இப்போது நோயில்லை, பழைய காயத்தின் அடையாளமே இருக்கிறது. நுரையீரலும் அப்படித்தான். கிருமி அரித்த இடம் ஆறும்போது தசை சுருங்கித் தழும்பாகிறது. சிலருக்கு மூச்சுக் குழல்கள் விரிந்து, சளி தேங்கும் இடமாகிவிடுகின்றன. சிலருக்குக் குழல்கள் குறுகி, மூச்சு வெளியேறுவது தடைப்படுகிறது. சிலருக்குக் கிருமி குடைந்த பொந்து ஆறாமல் பொந்தாகவே நின்றுவிடுகிறது. கிருமியை மருந்து கொல்லும்; கிருமி செய்துவிட்டுப்போன சேதத்தை மருந்து முழுவதும் செப்பனிடாது.

ஆகவே நோய் தீர்ந்த பிறகும் ஒருவருக்கு இருமல், காலைச் சளி, மேடேறினால் இளைப்பு, மார்பில் இறுக்கம், சோர்வு ஆகியவை இருக்கலாம். இவை நடிப்பன்று; சோம்பலுமன்று. உலகமெங்கும் டாக்டர்கள் நெடுங்காலம் இதைப் பெரிதாக எண்ணவில்லை. கிருமி போயிற்றா, கணக்கு முடிந்தது என்றே இருந்தார்கள். 2019ஆம் ஆண்டில்தான், காசநோய்க்குப் பின் வரும் உபாதைகளுக்கென்றே தனியாக முதல் அனைத்துலக மாநாடு தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் நகரில் கூடிற்று. அப்படியிருக்க, தோட்டத்தில் மூச்சு வாங்கும் ஒரு தொழிலாளியை "வேலைக்குச் சோம்பி நடிக்கிறான்" என்று யாராவது சொன்னால், அவரை மன்னித்து உண்மையைச் சொல்லிக்கொடுப்பதே நம் வேலை.

இனி, உண்மையிலேயே நோய் திரும்புவது பற்றி. எல்லோரும் அஞ்சுவது இதற்குத்தான். மருந்துக்குப் பணியும் கிருமியாக இருந்து, ஆறு மாத மருந்தையும் ஒழுங்காக முடித்தவர்களில் நோய் திரும்புவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அப்படித் திரும்பும்போதும் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே திரும்புகிறது. ஆகையால் அந்த முதல் ஆண்டில் விழிப்பு வேண்டும். டாக்டர் குறித்துக்கொடுத்த நாளில் தவறாமல் போய்க் காட்ட வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஆபத்து குறைகிறது. ஆயினும் புதிதாக யாரிடமிருந்தாவது மறுபடி தொற்றலாம். எனவே என்றைக்குமே வராது என்றும் சொல்வதற்கில்லை.

யாருக்கு ஆபத்து சற்று அதிகம்? மருந்தை இடையிடையே விட்டவர்களுக்கு. தொடக்கத்திலேயே நுரையீரலில் பெரிய பொந்து விழுந்து, இரண்டு மாத மருந்துக்குப் பிறகும் சளியில் கிருமி இருந்தவர்களுக்கு. புகைப்பவர்களுக்கு, நீரிழிவு உள்ளவர்களுக்கு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, உடம்பு மிக மெலிந்தவர்களுக்கு. இதிலே நீரிழிவை நாம் அலட்சியம் செய்யலாகாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டுப் பெரியவர்களில் ஐந்தில் ஏறக்குறைய ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டது. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். காசநோய் தீர்ந்தவர் சர்க்கரைச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். சீனி போட்ட தேநீரை நாளுக்கு ஐந்து முறை குடித்துக்கொண்டே நோய் திரும்புமோ என்று கவலைப்படுவதில் பயனில்லை.

"கடுமையாக உழைத்தால் நோய் திரும்பிவிடும், ராஜபோகமாகச் சாப்பிட்டால்தான் தப்பலாம்" என்று நம் மக்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. நம் பாட்டன்மார் காலத்தில் காசநோய் என்றால் நல்ல காற்று, படுக்கை, பால், முட்டை என்றே வைத்தியம் இருந்தது; ஏழைக்கு அது எட்டாக்கனி. இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த இடம் சென்னை மாநகரம். 1956இல் அங்கே காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 193 நோயாளிகளை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களை அவரவர் குடிசையிலேயே வைத்தும், ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, முடிந்தவரை வேலை. 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும், வீட்டில் இருந்ததால் நோய் அதிகமாகத் திரும்பியது என்று காணப்படவில்லை.

தோழர்களே, இந்தப் பாடத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சென்னையின் ஏழைத் தமிழர்கள். அவர்களுடைய அனுபவத்தினால்தான் இன்று உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடுகிறார்கள். நோயைத் தீர்ப்பது மருந்துதான்; தவறாமல் சாப்பிட்ட மருந்து. உழைத்ததனால் மட்டும் நோய் திரும்புவதில்லை. அதற்காக வயிறு காய்ந்து உழைக்கலாம் என்று பொருளில்லை. உடம்பு தேற உணவு வேண்டும். ஆனால் அது நெத்திலியும் பயறும் முட்டையும் கீரையுமாக நம் கைக்கு எட்டிய உணவாகவே இருக்கலாம்.

இன்னொரு பழைய பாடமும் உண்டு. 1947இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்தார்கள். ஆறு மாத முடிவில் அந்த மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கையில் ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். பெரிய வெற்றி என்றே தோன்றியது. ஆனால் மருந்து ஒன்றே ஒன்றாக இருந்ததால், பலருக்குக் கிருமி அதற்குப் பழகி எதிர்த்து நின்றது. தேறியவர்கள் மறுபடி விழுந்தார்கள். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இரு பகுதிக்கும் இருந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோயிருந்தது. அதனால்தான் இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இருமல் வந்ததும் அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரையை எடுத்து நாலு நாள் விழுங்கிப் பார்ப்பது, பக்கத்து வீட்டாரின் மருந்தைக் கடன் வாங்குவது ஆகிய காரியங்களை யாரும் செய்யாதீர்கள். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது. அதற்குப் போர்ப்பயிற்சி கொடுக்கும்.

அப்படியானால் தழும்பையும் நோயையும் எப்படிப் பிரித்தறிவது? முடிவு சொல்லக்கூடியது சோதனைதான். ஆனால் எப்போது சோதனைக்குப் போக வேண்டும் என்பதை நாமே அறியலாம். தழும்பின் உபாதை பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்கும். மழைக்காலத்தில், புகையில், மேட்டில் ஏறும்போது கூடும், ஓய்ந்தால் குறையும். திரும்பிய நோயோ நாளுக்கு நாள் வளரும். புதிதாக வந்த இருமலோ, பழைய இருமல் வேறுவிதமாக மாறியதோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் போங்கள். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, காரணமில்லாத மெலிவு இவற்றில் எது கண்டாலும் போங்கள். சளியில் இரத்தம் கண்டால் அன்றைக்கே போங்கள். இரத்தம் வந்தாலே நோய் திரும்பியது என்று அர்த்தமில்லை. விரிந்துபோன குழலிலிருந்தும், பழைய பொந்தில் பூஞ்சணம் வளர்ந்தும் வரலாம். ஆனால் எதுவாயினும் காத்திருக்கத் தக்கதன்று.

மெலிவைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு சுலப வழி உண்டு. தினமும் பால் நிறுக்கும் தராசு நம்மிடம் இருக்கிறது. மாதம் ஒரு முறை உங்களையும் நிறுத்துப் பாருங்கள். எடையை ஒரு பழைய நோட்டில் எழுதி வையுங்கள். பாலின் எடையை எழுதும் கிராணி உங்கள் எடையையும் எழுதித் தருவார். எடை நிலையாக இருந்தால் மனத்துக்குத் தெம்பு. மாதாமாதம் இறங்கினால் டாக்டருக்குச் சாட்சி.

கிளினிக்குக்குப் போகும்போது, முடியுமானால் முதலில் மருந்து கொடுத்த கிளினிக்குக்கே போங்கள். உங்கள் பழைய அட்டையும் படமும் அங்கே இருக்கும். வேறிடத்தில் காட்ட நேர்ந்தால், "எனக்கு முன்பு காசநோய் இருந்தது, இன்ன ஆண்டில் மருந்து முடித்தேன்" என்று மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தழும்பு ஆயுள் முழுவதும் தெரியலாம். பழைய படத்தோடு ஒப்பிடாமல் ஒரு படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வது கடினம். கையில் ஊசி போட்டு வீக்கம் பார்க்கும் சோதனையும், அதற்கு ஈடான இரத்தச் சோதனையும் நோய் தீர்ந்த பிறகும் தொற்று இருந்ததாகவே காட்டிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் புதிய கருவி, செத்த கிருமியின் எச்சத்தைக் கண்டும் 'உண்டு' என்று சொல்லிவிடக்கூடும். ஆகவே டாக்டர் சளியை வளர்த்துப் பார்க்கச் சொல்வார். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம்வரை ஆகலாம். அந்த வாரங்களில் "ஏன் இன்னும் பதில் வரவில்லை, மறைக்கிறார்களோ" என்று கலங்க வேண்டாம். கிருமி மெல்ல வளரும் இயல்புடையது. தாமதத்துக்குக் காரணம் அதுதான்.

நோய் திரும்பியிருப்பது உறுதியானாலும் அது உலகத்தின் முடிவன்று. கிருமி எந்த மருந்துக்குப் பணியும், எதற்குப் பணியாது என்று சோதித்து, அதற்கேற்ற மருந்து கொடுப்பார்கள். முன்பு முடித்தவர் இம்முறையும் முடிக்கலாம்.

மருந்து விட்டுச் சென்ற உபாதைகளும் சிலருக்கு உண்டு. ஐசோனியாசிட் காரணமாகக் கால் விரல்களில் மரத்துப்போன உணர்ச்சியும் எரிச்சலும் வரலாம். அதற்குப் பி6 வைட்டமின் கொடுப்பார்கள். எத்தாம்பியூட்டால் சிலருக்குக் கண்ணைப் பாதிக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிவது மங்கும். பழைய நாளில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்களில் சிலருக்குக் காதிலே இரைச்சலும் செவிட்டுத்தன்மையும் நிலைத்துவிட்டன. இருட்டில் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்கும் நமக்குக் கண்ணும் காலும் முக்கியம். இந்த உபாதைகளை "நோய் திரும்புகிறது" என்று எண்ணி மனத்துக்குள் புதைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தழும்போடு வாழ்வதற்கும் வழி உண்டு. முதலாவது, புகையை விடுங்கள். தழும்பேறிய நுரையீரலுக்குச் சிகரெட்டைப்போல் பகையில்லை. லயத்து வாசலில் குப்பை எரிக்கும் புகை, ஷீட்டு உலர்த்தும் புகைக்கூடம், பாலில் கலக்கும் அமோனியா, பால் உறையப் போடும் அமிலத்தின் நெடி இவற்றிலிருந்து இயன்றவரை விலகியிருங்கள். நாள்தோறும் சமதரையில் சிறிது தூரம் நடந்து, வாரம் வாரமாகத் தூரத்தைக் கூட்டுங்கள். மூச்சு வாங்கும்போது மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி வெளியே விடுங்கள். சளி அதிகம் தேங்குபவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் சளி வெளியேறும் என்று கிளினிக்கில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி உண்டு. உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள்.

இப்போது சங்கத்தின் வேலைக்கு வருவோம். அரசாங்கம் 1961இல் தேசிய காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது முதல் எத்தனையோ உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. உயிரைக் காப்பாற்றியது மருந்து. பிழைப்பைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, டாக்டர் சான்று இருந்தால் சம்பளத்தோடு நோய்விடுப்பு உண்டு. இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து இந்த 60 நாள் தனிக் கணக்கு. மேலே சொன்ன நாட்கள் அதில் கழிக்கப்படுவதில்லை. ஆனால் ஒன்று: விடுப்பு எடுத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வராதவர் என்று கணக்காகிவிடும். சளிச் சோதனைக்குப் போன நாளில் துண்டுச் சீட்டு ஒன்றாவது மண்டோரிடம் கொடுத்தனுப்புங்கள். நுரையீரல் மிகவும் கெட்டு உழைக்கவே முடியாமற் போனவர்கள் சொக்சோவில் முடத்தன்மை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க இடமுண்டு. மறுபடி வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் ஒன்றையும் சொக்சோ 2007 முதல் நடத்திவருகிறது. பாரம் நிரப்புவது எங்கள் வேலை, அலுவலகத்துக்கு வாருங்கள்.

சட்டம் சொல்லாத காரியங்களும் இருக்கின்றன. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுத் தேறி வந்தவருக்கு முதல் நாளே செங்குத்தான மேட்டு நிரையைக் கொடுப்பது நியாயமாகுமா? சில மாதங்களுக்குச் சமதரையில் நிரை கொடுக்கும்படியும், பால் தூக்குவதில் ஒரு கை உதவி கொடுக்கும்படியும் நிர்வாகத்திடம் கேட்பது பிச்சையன்று. தேர்ந்த பால்வெட்டாளி ஒருவரைத் தோட்டம் இழக்காமல் இருப்பது தோட்டத்துக்கும் இலாபம்.

கிராணி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. செக்ரோலில் நாம் போடும் அடையாளம் கூலிக் கணக்குக்கு உரியது, ஊர்ப்பேச்சுக்கு உரியதன்று. யாருக்கு என்ன நோய் என்பது நம் மேசையைத் தாண்டிப் போகலாகாது. நாம் வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லுக்காக ஒருவர் நாளைக்குச் சோதனைக்குப் போகாமல் மறைந்தால், அதன் பழி நம்மையே சேரும்.

தாய்மார்களே! காசநோய் தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை. நோயுள்ளவர் இருமும்போது காற்றில் பரவுகிறது. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலோர் பிறருக்குத் தொற்றாத நிலையை அடைந்துவிடுகிறார்கள். மருந்தே முடித்துவிட்டவருக்கு இன்னும் தனித் தட்டு வைப்பதும், பிள்ளையைத் தூக்கவிடாமல் தடுப்பதும் எதற்காக? அந்தத் தட்டு அவருக்குச் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமன்று. வீட்டிலேயே தள்ளிவைக்கப்பட்டவர், உண்மையில் நோய் திரும்பும்போது யாரிடம் போய்ச் சொல்வார்? சன்னலைத் திறந்து வையுங்கள். தட்டைப் பொதுவாக வையுங்கள்.

மனக்கலக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோய் தீர்ந்தவருக்கு இரவில் தூக்கம் வராமல், தன் நெஞ்சின் ஒவ்வோர் ஒலியையும் கேட்டுக்கொண்டு கிடப்பது உண்டு. இது கோழைத்தனமன்று. சாவின் பக்கத்தில் போய்த் திரும்பியவருக்கு அச்சம் இருக்கத்தான் செய்யும். "பயப்படாதே" என்று சொன்னால் மட்டும் பயம் போகாது. அடுத்த சோதனை எந்த நாள், இப்போது எடை எவ்வளவு, எந்த அறிகுறி கண்டால் யாரிடம் போவது என்று தெரிந்துவிட்டால் பயத்தின் அளவு குறையும். அதற்குமேலும் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் உதவி உண்டு.

ஆகவே இக்கூட்டத்தின் முன் மூன்று காரியங்களை வைக்கிறோம். ஒன்று, மருந்து முடித்த ஒவ்வொரு தோழருக்கும் முதல் ஓராண்டு முழுவதும் சோதனை நாளில் கூடப்போக, அவரே தேர்ந்தெடுக்கும் ஒரு துணையை நம் கிளை ஏற்பாடு செய்யும். இரண்டு, தேறிவந்தவருக்கு இலகுவான நிரை கொடுக்கும்படி நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்போம். மூன்று, நம் பக்கத்து லயத்தில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இந்தச் செய்தியை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்வோம். காற்றுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அவர்கள் இருமலை மறைக்கும் நிலை இருக்கும்வரை நமக்கும் நிம்மதி இல்லை.

தோழர்களே! மருந்து முடித்த ஒருவர் உங்கள் லயத்தில் இருந்தால், நாளைக் காலை பெரட்டில் அவரைப் பார்த்து, "இன்னும் இருமுகிறாயே" என்று கேட்காதீர்கள். "அடுத்த சோதனை என்றைக்கு? நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி அவருக்கு மருந்துக்கு அடுத்தபடியான மருந்தாக இருக்கும்.